கையெழுத்தில்லாத பக்கம்

மாமாவின் கொப்பிகள் மொத்தம் பதினொன்று. பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் நாற்பது பக்கக் கொப்பிகள்தான். மட்டைகள் மங்கி, ஓரங்களில் கறுப்பு விரல் அடையாளங்கள் படிந்திருக்கும். அவற்றை ஒரு பிஸ்கட் தகரத்தில் அடுக்கி வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எஞ்சின் ஒயில் மணம் எழும். சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு, மழை விட்ட கையோடு, அந்தத் தகரத்தை அவர் என் மடியில் வைத்தார். நேரத்தைக் குறித்திருக்கிறேன். லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு மழையளவு எடுத்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அந்தப் பழக்கம் வீட்டு நாட்குறிப்புக்கும் வந்துவிட்டது.

"கண்ணுல பூ விழுந்துருச்சு மருமகனே. கெப்டன் ஐயா சித்திரையில வாராரு. இதையெல்லாம் டைப் அடிச்ச மாதிரி சுத்தமா வேணுமாம், புத்தகம் எழுதப் போறாராம். ஒரு வரி விடாம எழுதிக் குடு" என்றார் மாமா. ஒரு வரி விடாம என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். அதையும் குறித்திருக்கிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, வடக்கில் சண்டை தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அரசாங்க விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். சண்டை வந்த பிறகும் அவர் விலகவில்லை. ஒரு தமிழர் அங்கே இருந்ததைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகப் பேசினார்கள். படையிலும் அப்படிப் பேசியிருப்பார்கள் என்பது சிறு வயதில் எனக்குத் தோன்றவில்லை. விடுமுறையில் வரும்போது அவர் ஒரே ஒரு விமானத்தைப் பற்றித்தான் பேசுவார். இரண்டு எஞ்சின்கள் கொண்ட பழைய சரக்கு விமானம் அது. மாமாவை விடப் பதினைந்து வயது மூத்தது. மழை பெய்தால் ஓட்டுபவரின் தலைக்கு மேலே ஒழுகும் என்பதால் கெப்டன் மழைக்கோட்டு அணிந்துதான் ஓட்டுவாராம். சரக்குக் கதவின் ஒரு கொக்கி கழன்று, பல மாதங்கள் கயிற்றால் கட்டியே பறந்திருக்கிறார்கள். தரையில் ஒட்டுப் போட்ட தகடுகள் ஐம்பத்து மூன்று என்று மாமா எண்ணி வைத்திருந்தார். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். என் அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

அந்த விமானத்துக்குப் பெரிய லொக் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பழுதை எழுதிவிட்டால், அது சரியாகும் வரை விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. அவ்வளவு பழைய விமானத்துக்கு உதிரிப்பாகம் கிடைக்க மாதக்கணக்காகும். எனவே, எழுதினால் விமானம் நின்றுவிடும், எழுதாவிட்டால் ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகும் என்கிற சின்னப் பழுதுகளுக்காக மெக்கானிக்குகளும் விமானிகளும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். சின்னப் பழுதுகளை மாமா சின்னக் கொப்பியில் எழுதுவார். கெப்டன் இடது இறக்கையின் கீழே நின்று அதை வாசிப்பார். வாசித்து, பறக்கலாம் என்று தோன்றினால் ஓரத்தில் தன் முதலெழுத்தைப் போட்டுவிட்டு ஏறுவார். வேண்டாம் என்று தோன்றினால் முதலெழுத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு உணவறைக்கு நடந்துவிடுவார். மாமா தெரிந்ததை எல்லாம் எழுத வேண்டும், கெப்டன் எழுதியதை எல்லாம் வாசிக்க வேண்டும். அந்த விமானம் அத்தனை ஆண்டுகள் பறந்தது இந்த ஏற்பாட்டின் மேல்தான்.

கெப்டன் சிங்களவர், கண்டியில் இருப்பவர். ஓய்வுக்குப் பின் வருடத்துக்கு இரண்டு தடவை கந்தப்பளைக்கு வருவார். மாமாவை அவர் 'பாஸ்' என்பார். தச்சரையும் மெக்கானிக்கையும் இங்கே எல்லோரும் அப்படித்தான் அழைப்பது. எழுத்துக் கூட்டி வாசிப்பதும் பேசுவதுமாக அவருடைய தமிழ் முழுக்க மாமாவிடம் கற்றது. ஆகவே அது கலப்பில்லாத லயத்துத் தமிழ், சிங்கள ராகத்தில் வரும். "ஏன் பாஸ், காது கேக்கலையா, இல்ல கேக்காத மாதிரி இருக்கீங்களா?" என்று வாசலிலேயே தொடங்குவார். அத்தை ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தபடி, "நீங்க வந்தாத்தான் ஐயா இவருக்குக் காது கேக்குது. நான் கூப்பிட்டா எஞ்சின் சத்தத்துல செவிடாயிருச்சும்பாரு" என்பார். கெப்டன் மேசையைத் தட்டிச் சிரிப்பார்.

சிரிப்பு அடங்கியதும் பேச்சு எப்படியும் ஒரே இடத்துக்குத்தான் வரும். வடக்கில் இருந்த படைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போன ஒரு காலையில், எழும்பிய இருபதாம் நிமிடத்தில் வலது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கெப்டன் திருப்பிக்கொண்டு வந்தார். ஒற்றை எஞ்சினோடு இறங்கும்போது விமானம் ஓடுபாதையை விட்டு விலகிச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. சரக்குக்குப் பொறுப்பாக இருந்த கோப்ரல், பொல்பிட்டியக்காரர், இறந்துபோனார். மற்றவர்களுக்குக் கீறல்தான். எஞ்சின் முனகத் தொடங்கிய கணத்திலேயே அதை நிறுத்தியிருக்க வேண்டும், நான் ஏழெட்டு விநாடி தயங்கினேன், அந்தத் தயக்கம்தான் எஞ்சினை இறுக்கியது என்று கெப்டன் சொல்வார். விசாரணையும் ஏறக்குறைய அதையே சொன்னதாம். அதன் பிறகு அவர் விமானம் ஓட்டவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பொல்பிட்டியவில் கோப்ரலின் மனைவியைப் போய்ப் பார்த்து, என் தவறுதான் என்று சொல்லிவிட்டு வருவார். கதையை முடிக்கும்போது மாமாவின் தோளைத் தொடுவார். "பாஸ் மேல ஒரு குத்தமும் இல்ல. பாஸ் என்கிட்ட ஒருநாளும் மறைச்சதில்ல."

அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் மாமா எழுந்து போவார். அடுப்பில் விறகு தள்ளவோ, வாசலில் நாய் என்னவென்று பார்க்கவோ. என் நாட்குறிப்பில் ஐந்து இடங்களில் 'மாமா எழுந்து போனார்' என்று இருக்கிறது. எழுதும்போது நான் அதற்குக் காரணம் தேடவில்லை.

கொப்பிகளைப் படியெடுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், பழுது, ஓரத்தில் கெப்டனின் முதலெழுத்து. சில இடங்களில் முதலெழுத்துக்குப் பக்கத்தில் கோடு. ஏழாவது கொப்பியில், கோடு விழுந்த மூன்று பக்கங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரே வாரம். அதற்கடுத்த பக்கத்தில் மாமாவின் குண்டு எழுத்து: 'வலது எஞ்சின். ஒயில் வடிகட்டியில் உலோகத் துகள். பெரியது ஒன்று, விரல் நகமளவு.' நேரம் காலை ஐந்து ஐம்பது. ஓரத்தில் ஒன்றும் இல்லை. முதலெழுத்தும் இல்லை, கோடும் இல்லை. கெப்டன் ஒவ்வொரு முறையும் சொல்லும் தேதி என் நாட்குறிப்பில் இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே தேதி.

எஞ்சின்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் ஒயிலில் உலோகத் துகள் வந்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். உள்ளே ஏதோ ஒன்று தன்னைத்தானே அரைத்துத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டுபவரின் ஏழெட்டு விநாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த ஞாயிறு கந்தப்பளைக்குப் போனேன். அத்தை கோவிலுக்குப் போயிருந்தார். மாமா என் கையில் இருந்த கொப்பியைப் பார்க்கவில்லை. "ஏழாவதா?" என்று மட்டும் கேட்டார்.

"அந்த வாரம் மூணு நாள் நான் எழுதினதால பறக்காம நின்னுச்சு. மூணாம் நாள் சாப்புடுற எடத்துல ஒருத்தன் சொன்னான், பாஸ் கண்ணுக்கு மட்டும்தான் பழுது தெரியுது, அதுவும் வடக்குக்குச் சாமான் போற நாளாப் பாத்துத் தெரியுதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்றது? அந்தக் கோப்ரல் ஒருத்தன்தான் சிரிக்கல. தட்டைத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மறுநா காலையில துகளைப் பாத்தேன். கை பழக்கத்துல எழுதிட்டேன். வடிகட்டியைக் கழுவி மாட்டிட்டேன். இன்னும் பத்து மணி நேரம் தாங்கும்னு மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். கெப்டன் சேர் இறக்கைக்குக் கீழ வந்து கொப்பிக்குக் கை நீட்டினாரு. இன்னைக்கு ஒண்ணுமில்ல சேர்னு சொன்னேன். நல்லதாப் போச்சு பாஸ்னு முதுகுல தட்டிட்டு ஏறிட்டாரு."

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட அவருக்கு முப்பது ஆண்டுகள் இருந்தன. நான் ஒரு வரியும் விடாதவன் என்று தெரிந்துதான் என்னிடம் கொடுத்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது. தன் வாயால் சொல்ல முடியாததை என் கையெழுத்தால் சொல்லிவிடப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. "நான் படியெடுத்துத் தாரேன் மாமா. ஆனா ஏழாவதை நீங்கதான் அவர் கையில குடுக்கணும்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கெப்டன் சித்திரையில் வந்தார். அன்று கந்தப்பளையில் பத்தடி தூரத்துக்கு மேல் தெரியாத மூடுபனி. வழக்கமான கேலியோடு உள்ளே வந்தவர், மாமா எழுந்து நின்றபடியே இருப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். மாமா கொப்பியை விரித்து நீட்டினார். கெப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உட்காராமலே வாசித்தார். மூன்று வரிகளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அவருடைய பெருவிரல் ஓரத்து வெற்றிடத்தைத் தடவியது. பின் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "சரி பாஸ். இதைப் பாத்திருந்தாலும் நான் போயிருப்பேன். அன்னைக்குக் கட்டாயம் போகணும்னு இருந்துச்சு."

தப்பிக்க மாமாவுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. அவர் அதற்குள் நுழைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"போயிருக்க மாட்டீங்க சேர்" என்றார் மாமா. "முந்தின மூணு பக்கத்தப் பாருங்க. இதைவிடச் சின்னப் பழுதுக்கெல்லாம் கோடு இழுத்திருக்கீங்க."

கெப்டன் பக்கங்களைப் பின்னால் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று. அவருடைய முகம் எப்படி மாறியது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது என்று தோன்றிய முகம். "நான் அந்தப் பொம்பளைக்கு எத்தனை தடவை என் தப்புன்னு சொன்னேன், தெரியுமா?" என்று கேட்டார். அத்தை வைத்த ரொட்டியைத் தொடாமல் போனார். காரின் விளக்கு முதல் வளைவிலேயே பனிக்குள் மறைந்தது. அவ்வளவுதான், இனி வரமாட்டார் என்று நான் நாட்குறிப்பில் எழுதினேன்.

நான்கு மாதம் ஒரு செய்தியும் இல்லை. மாமா தினமும் காலையில் முகம் மழித்துவிட்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதாக அத்தை சொன்னார். ஆவணியில், விபத்து நடந்த தேதிக்கு முதல் நாள் மாலை ஐந்தரைக்கு என் தொலைபேசி ஒலித்தது. கெப்டன். மாமாவோடு பேச வேண்டும் என்று சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாரேன். பாஸை ரெடியா இருக்கச் சொல்லுங்க. நீங்களும் வாங்க" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் வழியாகப் போனோம். வழி நெடுக மழை. மாமா பின் இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கினிகத்தேனையில் ஒரு லொறிக்காக நிறுத்தியபோது, "திரும்பிப் போகணும்னா இப்ப சொல்லுங்க பாஸ்" என்றார் கெப்டன், கண்ணாடியில் பார்த்தபடி. மாமா, "ஓட்டுங்க சேர்" என்றார்.

பொல்பிட்டியவில் மின்நிலையத்துக்கு மேலே உள்ள சரிவில் அந்த வீடு. கோப்ரலின் மனைவிக்கு எழுபது இருக்கும். கெப்டனைப் பார்த்ததும் சிங்களத்தில் வரவேற்று, மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பிறகு மாமாவைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் அந்த வாசலில் முதலில் பேசுபவர் கெப்டன். அன்று அவர் பேசவில்லை. ஓர் அடி விலகி, சுவரோரமாக நின்றுகொண்டார். அந்த அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் இப்போது யாரும் இல்லை.

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அந்த எஞ்சின் என் பொறுப்பில் இருந்தது" என்று சிங்களத்தில் சொன்னார். "இந்த ஐயா மேல் தவறில்லை. ஒரு விசயத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை."

அந்த அம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். பின், மாமாவுக்காக இழுத்துப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, "சொல்லுங்கள்" என்றார்.

மாமா நின்றபடியே, காலை ஐந்து ஐம்பதுக்கு ஒயில் வடிகட்டியைக் கழற்றியதிலிருந்து தொடங்கினார்.