வண்டிப்பாதையில் நின்றுபோன பேட்டரி கார்

ஆறு மணிக்கு மேல் விளக்கில்லாத வண்டி பாதையில் போகக் கூடாது என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னபோது அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். ஸ்டேஷனில் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் மேல் புகார் கொடுத்த பக்கத்து வயல்காரர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பேட்டரி கார் சத்தமில்லாமல் வந்து அவருடைய பசுவை மிரட்டிவிட்டதாம். மாடு வாய்க்காலில் விழுந்து காலை முறித்துக்கொள்ளப் பார்த்ததாம். முறித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். அதனால் விசாரணை நடந்தது.

"லைட்டு மாட்டிட்டா ஓட்டலாமா சார்?" என்று கேட்டேன்.

"மாட்டிட்டு ஓட்டும்மா. யார் வேணாங்கிறா."

வயல்காரர் சிரித்தார். "லைட்டு மாட்டுனா பாதை இவங்களுது ஆயிடுமா சார்? அது எங்க பட்டா இடம். பாவம்னு விட்டு வச்சிருக்கேன்."

சண்டையின் வேர் அதில்தான் இருந்தது. அப்பா பண்ணையாளாக இருந்தவர். உச்சவரம்புச் சட்டத்தில் மிஞ்சிய நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது அவருக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், கிடைத்தது. பட்டா கைக்கு வந்த பிறகும் பண்ணையின் ஆட்கள் இரண்டு போகம் எங்களை நடவு செய்ய விடவில்லை என்றும், நட்ட நாற்றைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார்கள் என்றும் அம்மா சொல்லுவாள். அந்தக் காலம் போய்விட்டது. வயல் எங்களுக்கு நிலைத்துவிட்டது. ஆனால் வயலுக்குப் போகிற வழி வருஷத்துக்கு வருஷம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. நான் பார்க்க மாட்டுவண்டி போன பாதை அது. இப்போது என் வண்டி போனால் ஒரு பக்கச் சக்கரம் வாய்க்கால் விளிம்பை உரசும். மூன்று வருஷமாகத் தாலுகா ஆபீசில் அளந்து தரச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டிருந்தோம். ஜமாபந்தியிலும் கொடுத்தோம். நடுவில் ஆட்சி மாறி, சுவரில் இருந்த படம் மாறியது. சர்வேயர் வரவில்லை.

எனக்கு வலது காலில் போலியோ. காலைத் தாங்குகிற இரும்புக் காலிப்பர் போட்டு வரப்பில் நடக்க முடியாது. தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. அங்கே விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சுற்றிய பேட்டரி கார்களில் ஒன்றைக் கழித்துக்கட்டியபோது நான் எடுத்துக்கொண்டேன். கோல்ஃப் மைதானத்தில் ஓட்டுகிற வண்டிதான். பின்சீட்டைக் கழற்றிப் பலகை போட்டால் இரண்டு மூட்டை உரம் வைக்கலாம். பகலில் மட்டுமே ஓடிய வண்டி என்பதால் விளக்கே கிடையாது. ஆனால் நான் வேலை முடிந்து பஸ் பிடித்து வரவே ஆறாகிவிடும். அதற்கு மேல்தான் அக்காவும் நானும் வயலுக்குப் போவோம். அக்காவின் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து சாகுபடி முழுக்க அவள் கையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளக்கு மாட்ட உட்கார்ந்தேன். பழைய பைக்கிலிருந்து கழற்றிய இரண்டு ஹெட்லைட், பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு சுவிட்ச், ஒரு ஃப்யூஸ். வேலை என்னவோ சின்ன வேலைதான். வண்டியில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி நான்கு, வரிசையாக இணைத்து நாற்பத்தெட்டு வோல்ட்டில் ஓடுகிறது. விளக்குக்கு வேண்டியது பன்னிரண்டு. நாற்பத்தெட்டைப் பன்னிரண்டாகக் குறைத்துத் தர ஒரு கன்வெர்ட்டர் போட வேண்டும். அதுதான் முறை. கன்வெர்ட்டர் தஞ்சாவூரில் கிடைக்கவில்லை. வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

சம்பா நட்டு மேலுரம் போட வேண்டிய நேரம். செவ்வாய்க்கிழமை எங்களுக்குத் தண்ணீர் முறை.

நாலாவது பேட்டரியிலிருந்து மட்டும் இரண்டு ஒயரை இழுத்தேன். பன்னிரண்டு வோல்ட் கிடைத்துவிட்டது. இது தப்பு என்று எனக்குத் தெரியும். நான்கு மாடு இழுக்கிற வண்டியில் ஒரு மாட்டை மட்டும் ராத்திரியும் உழவுக்கு ஓட்டுகிற மாதிரி. சார்ஜ் ஏற்றும்போது மற்ற மூன்றும் நிரம்பிவிடும், அது மட்டும் நிரம்பாமலே நிற்கும். அது காலியானால் வண்டியும் நின்றுவிடும். வேலையிடத்தில் இதே காரியத்தைச் செய்த ஒருவரை எல்லார் முன்னாலும் நான் திட்டியிருக்கிறேன்.

ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, "என்னடி யோசிக்கிற? இது நிக்குமா?" என்றாள்.

"நிக்கும். பத்து நாள்தானே."

சுவிட்சைப் போட்டதும் வாசல் முழுக்க வெளிச்சம். அக்கா கைகொட்டினாள்.

பத்து நாள் இரண்டு வாரத்தைத் தாண்டியது. விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் கன்வெர்ட்டர் கேட்டுக் கடைக்காரரை நானும் விரட்டவில்லை. தினமும் வயல்காரரின் களத்தைக் கடக்கும்போது அவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்ப்பார். "என்ன, தேர் வருதா?" என்பார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. லேசாகத் தூறல். பின்பலகையில் இரண்டு மூட்டை யூரியா, மேலே தார்ப்பாய். களத்துக்கு நேராக, பாதை மிகவும் ஒடுங்குகிற இடத்தில், வெளிச்சம் மஞ்சளாக மங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வண்டி ஒரு முறை குலுங்கி நின்றது. மறுபடி மிதித்தேன். அசையவில்லை.

"என்னாச்சு?" என்றாள் அக்கா.

"இறங்காத. கொஞ்சம் இரு."

அதற்குள் களத்துக் கொட்டகையிலிருந்து அவர் வந்துவிட்டார். கூட மூன்று ஆட்கள். டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.

"ஏன் நிறுத்தியிருக்க?"

"பேட்டரி போயிடுச்சுங்கண்ணே."

"நேத்து வரைக்கும் போகாத பேட்டரி என் களத்து வாசல்ல வந்துதான் போகுமா? வேணும்னே நிறுத்திப் பாதைக்கு உரிமை கொண்டாடலாம்னு பாக்குறியா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவள் தன் வண்டிக்கே தப்பாக ஒயர் இழுத்தேன் என்று அந்த நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

"தள்ளி வாய்க்கால்ல விடுங்கடா," என்றார்.

ஆட்கள் பின்பலகையில் கை வைத்தார்கள். வாய்க்கால் நிரம்ப ஓடிக்கொண்டிருந்தது. காலிப்பரோடு அதில் விழுந்தால் நான் எழ மாட்டேன். இறங்கவும் இடமில்லை. ஒரு பக்கம் அவருடைய வேலி, மறு பக்கம் தண்ணீர். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அக்கா இறங்கவில்லை. திரும்பி உட்கார்ந்து அந்த ஆட்களைப் பார்த்தாள். வெளியாட்கள் யாரிடம் பேசினாலும் 'ங்க' என்ற மரியாதையை விடாதவள் அவள். அன்றும் விடவில்லை.

"தள்ளுங்க. எங்களையும் சேத்துத் தள்ளுங்க. உள்ள ரெண்டு பொம்பளைங்க இருக்காங்கன்னு தெரிஞ்சேதான் தள்ளுனோம்னு நாளைக்கு ஸ்டேஷன்ல நீங்களே சொல்லணும். எங்களால சொல்ல முடியாதில்ல."

ஆட்களில் ஒருவர் முதலில் கையை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள்.

வயல்காரர் டார்ச்சை அணைத்தார். "சரி. வண்டி நின்ன இடத்துலேயே நிக்கட்டும். காலைல சர்வேயரைக் கொண்டாந்து அளக்குறேன். ஒரு அடி என் இடத்துல இருந்தாலும் வண்டி ஸ்டேஷனுக்குப் போகும், நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க."

வீட்டுக்கு நான் எப்படி நடந்து வந்தேன் என்பது எனக்கே தெரியாது. அக்கா பாதி தூரம் என்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள்.

எங்கள் மனுவுக்கு மூன்று வருஷம் வராத சர்வேயர் மறுநாள் பத்து மணிக்கு வந்துவிட்டார். அவருக்கு முன்னாலேயே நான் மல்டிமீட்டரோடு போய்விட்டேன். மூன்று பேட்டரி பன்னிரண்டுக்கு மேல் காட்டின. நாலாவது பத்தைக்கூடத் தொடவில்லை. யாரும் பார்ப்பதற்குள் மூடிவிட்டேன்.

சர்வேயர் புலப்படத்தை வண்டியின் சீட்டில் விரித்தார். அளவுக்கல்லைத் தேடிப் புல்லை வெட்டச் சொன்னார். சங்கிலி போட்டார். கூட்டம் கூடிவிட்டது, எங்கள் தெருவும் வந்திருந்தது. அரை மணி நேரம் அளந்துகொண்டே போனார். ஒரு இடத்தில் அளந்ததையே மறுபடி அளந்தார். பிறகு வயல்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். அவர், "என்னன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க," என்று சத்தமாகச் சொன்னார். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

"இது உங்க பட்டா இல்லங்க. வண்டிப்பாதைப் புறம்போக்கு. எட்டு அடி. உங்க வேலி நாலடி உள்ள வந்திருக்கு."

எங்கள் தெருப் பையன்கள் விசில் அடித்தார்கள். சர்வேயர் கையை உயர்த்தினார். "இருங்க, இன்னும் முடியல," என்று சங்கிலியை எங்கள் வயல் வரை இழுத்துக்கொண்டு போனார். அங்கே எங்கள் வரப்பு பாதைக்குள் இரண்டடி வந்திருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் வரப்பு வெட்டும்போது ஒரு மண்வெட்டி அகலம் தள்ளி மண் போட்டது அவள்தான். அன்று வரை எனக்கும் தெரியாது.

"ரெண்டு பேரும் பத்து நாள்ல எடுத்துடணும்," என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். வயல்காரர் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டதில் தாள் கிழிந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று முதல் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர். வேணும்னே வண்டியை நிறுத்திச் சர்வேயரை வரவழைத்த கெட்டிக்காரி. டீக்கடையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள். நான் சிரித்துவைப்பேன். அடுத்த வாரம் வந்த கன்வெர்ட்டரைக் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினேன். அந்த நாலாவது பேட்டரி தேறவே இல்லை, மாற்ற வேண்டியதாயிற்று. அக்காவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்டி. வண்டி நின்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேனே," என்றாள்.

வேலியை அவர் ஒன்பதாவது நாள் பிடுங்கினார். அதற்கு முன்பே அக்கா எங்கள் வரப்பை வெட்டத் தொடங்கிவிட்டாள். அந்த இரண்டடியில் நட்டிருந்த பயிர் ஒன்றரை மாதத்துப் பச்சை. வேரோடு மண்ணோடு பெயர்த்து, வயலுக்குள் பயிர் விட்டுப்போன இடங்களில் ஒவ்வொன்றாக ஊன்றினாள். நான் பாதையில் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் சேற்றில் இறங்க முடியாது.

"இதெல்லாம் வேர் பிடிக்குமாக்கா?" என்று கேட்டேன்.

"பாதி பிடிக்கும்," என்று நிமிராமல் சொன்னாள்.