கிருத்திகை வழியில் ஒரு பதில் பாட்டு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். தெலுங்கு மீடியத்தில் எட்டாவது படித்தவள் நான். தமிழை பஜனைப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டித்தான் கற்றேன். சாமி விஷயத்தில் ஒரு சொல் கூடிப் போனாலும் தப்பாயிற்றே... அந்த பயம்!

போன வாரம் புத்தூர் மார்க்கெட்டில் ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உங்க வூட்டுக்காரரு நாக்குல முருகரே வந்து எழுதினாராமே?"

இனி நானே சொல்லிவிடுவதுதான் நல்லது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து, நகரி வழியாகத் திருத்தணிக்கு நடந்தே போவோம். கால் வலி தெரியாமலிருக்கப் பாட்டு. எங்கள் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. பம்பை அடிக்கும் ஏழுமலை அண்ணன், ரோட்டில் கண்ணில் பட்டதை வைத்து முதல் அடி பாடுவார். அடுத்த அடியை என் வீட்டுக்காரர் அங்கேயே கட்ட வேண்டும். பழசைப் பாடினால் கோஷ்டியே கேலி செய்யும்.

"தக்காளி லாரி சாஞ்சிக்கினு போவுது முருகா..." என்பார் அண்ணன்.

"மேல தூங்குற கிளீனரைப் புடிச்சிக்கோ முருகா!" என்பார் இவர்.

அரோகரா!

எத்தனை ஆடி அப்படி நடந்தோம்! பஞ்சர் கடை, சர்பத் வண்டி, நகரி தறிச் சத்தம் — எல்லாம் முருகனிடம் போய்ச் சேர்ந்தன. எனக்கு ரோடு வெறும் ரோடுதான். இவர் பாடினால்தான் அதில் இவ்வளவு இருப்பதே தெரியும்.

பிறகு இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பசு மாட்டுப் படத்தைக் காட்டி, "இதி ஏமிட்டி?" என்று தெலுங்கில் கேட்டார். "இது என்ன?" என்று நான் தமிழில் கேட்டேன். இரண்டு பாஷைக்கும் கண்ணீர்தான் பதில்.

டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து விளக்கினார். பழைய பாட்டு ஏதாவது பழக்கத்தில் வாயில் வரலாமாம். ஆனால் இவராக யோசித்து, புதிதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். அது வந்தால் மெல்ல மெல்லப் பேச்சு திரும்புமாம்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் வேண்டாத சாமி இல்லை.

ஆடி வந்தது. கோஷ்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. இவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன்.

"இன்னாப்பா, இந்த வருஷம் எங்களுக்கு டிமிக்கி குடுத்துட்ட?" என்று ஏழுமலை அண்ணன் சிரித்தார். சட்டென்று பம்பையைத் தட்டினார்.

"வாசல்ல குந்திக்கினு கீறாரு முருகா..."

நிறுத்திவிட்டார். அடுத்த அடியை யாரும் பாடவில்லை. பம்பை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இவர் உதடு கோணியது, நடுங்கியது. எனக்குத் தாங்கவில்லை. "போதும்ணா, வுட்டுடு" என்று வாயெடுத்தேன்.

இவர் மூக்கை உறிஞ்சினார்.

"உள்ள... பாலு... தீயுது முருகா!"

நான் உள்ளே ஓடினேன். கோஷ்டிக்குக் காபி போட வைத்த பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அப்படியொரு வாசனையை நான் எந்தக் கோயிலிலும் முகர்ந்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வாசலிலிருந்து ஏழுமலை அண்ணன் கத்தினார்: "யம்மா, அப்ப காப்பி கெடையாதா?"

கண்ணில் பட்டதைத்தான் பாட வேண்டும் என்பது வழக்கம். இவர் மூக்கில் பட்டதைப் பாடினார். முருகன் கணக்கில் எடுத்துக்கொள்ளாமலா போவான்?

பேச்சு இன்னும் முழுசாக வரவில்லை. சோறு வேண்டுமென்றால்கூட ராகம் போட்டுத்தான் கேட்கிறார். எனக்கு அது போதும்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்... தீய்ந்த பாலை யாரும் பாயசமாக்கிவிட வேண்டாம்!