சட்டம் வருமுன் முற்றம் கூட்டினேன்

போன மாதம் நான் ஒரு முற்றம் கூட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்கு இப்போது அப்புக்காத்திடமிருந்து, அதுதான் வக்கீலிடமிருந்து, கடிதம் வந்திருக்கிறது... எனக்கல்ல, பயப்படாதீர்கள்.

இங்கே இத்தாலியில் நான் வீட்டு வேலைக்குப் போகும் வயசான சினோராவின் வீடு நகரத்து ஓரம் பிரான்காச்சோவில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால். வீட்டைச் சுற்றி மண்டரின் தோடை மரங்கள், சின்ன ஆரஞ்சுச் சாதி. எல்லாம் அவவின் அப்பா நட்டவை. சினோராவுக்கு முழங்கால் விட்டுப்போய்விட்டது. மாடியில் இருந்தபடி மரங்களைப் பார்ப்பதுதான் இப்போது அவவின் வேலை.

தான் கண்ணை மூடியதும் மகன் மரங்களைத் தறித்துவிடுவான் என்று அவவுக்குப் பயம். அதனால் முன்பே உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய், தோட்டங்களைக் காக்கிற ஒரு சங்கத்தோடு எழுத்து வைத்துவிட்டா. மரம் தறிக்கக்கூடாது, கட்டடம் கூடாது, சீமெந்து கூடாது. அவ இருந்தாலும் இல்லாவிட்டாலும், காணி யார் கைக்குப் போனாலும் அப்படித்தான்.

இதை எனக்கு விளங்கப்படுத்த என் மகள் கனநேரம் மினக்கெட்டாள். விளங்க என்ன இருக்கிறது? எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் என்று எழுதியிருக்குமே. காணி உன்னுடையதுதான், ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் அள்ளப் போகும் பாதையை நீ அடைக்க முடியாது. இங்கே பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் தோடை மரம். இதற்கு ஏன் இவ்வளவு பெரிய படிப்பு?

சரி, எழுத்து இருந்தால் போதுமா? யார் வந்து பார்ப்பது?

சங்கத்திலிருந்து ஒருவர் வருசத்துக்கு ஒருதரம் வருவார். வருமுன் போன் எடுப்பார் – எந்த நாள் வசதி என்று. பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, புதுப்பிக்கப் போகிற எங்களிடம் யாராவது வசதி கேட்டதுண்டா? இவர் வருவார், கோப்பி குடிப்பார், கேக் சாப்பிடுவார். தோட்டத்தை ஒரு சுற்று நடந்து "பெல்லோ, பெல்லோ" என்று வடிவை மெச்சுவார். கையெழுத்து வைப்பார். போகும்போது கையில் ஒரு பை தோடம்பழம். சட்டம் இவ்வளவு மரியாதையான ஆள் என்று எனக்கு முன்பு தெரியாது.

மகனுக்குத் தெரிந்திருந்தது. அவன் பக்கத்துக் காணியில் கல்யாண மண்டபம் நடத்துகிறான். கார் விட இடம் வேண்டும். மாடிக்குத் தெரியாத வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு வரிசை மரம் போனது, சீமெந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துக் காணிக்குள் தள்ளி நடுவோமே... அதே தொழில்தான். நாங்கள் மட்டும்தான் கெட்டிக்காரர் என்று நினைத்திருந்தேன்.

சீமெந்து போட்டது எங்கள் மன்னார் ராசன். எங்கள் சனம் கூடுதலாக இருக்கிற பல்லரோவில் இருக்கிறான், கூலி வேலை.

"ஆச்சி, இந்த முறையும் அந்த ஆள் கையெழுத்து வைச்சிட்டால் மிச்ச மரமும் போகுதாம்," என்றான்.

நான் சினோராவிடம் சொன்னேன். நானும் அவவும் கதைக்கிற இத்தாலியன் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் விளங்கும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அந்த ஆள் வரேக்கை சொல்லிவிடுங்கோவன், சினோரா."

அவ மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தா. "பெத்த பிள்ளையை நான் எப்பிடிக் காட்டிக் குடுக்கிறது?"

நானும் பெற்றவள்தானே.

சங்கத்து ஆள் வருகிற அன்று காலை போய்ப் பார்த்தால், பின்பக்கம் சீமெந்தைக் காணவில்லை. மேலே மண். மண்ணுக்கு மேல் காய்ந்த இலை. ஓரத்தில் பூச்சாடிகள். மகன் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"இண்டைக்கு ஆள் வருது. வீடு வளவெல்லாம் துப்புரவாய் இருக்கோணும். விளங்கிச்சோ?"

"ஓம், சினோரே."

துப்புரவு என்றால் எது என்று அவன் சொல்லவில்லை. வேலைக்காரிக்கு யார் அதெல்லாம் சொல்லப்போகிறார்கள்? எங்கள் சனத்துக்கு ஆள் வருகிறது என்றால் முதலில் முற்றம். கூட்ட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். வீட்டுக்குள் எப்படியும் கிடக்கட்டும் – முற்றத்தில் ஒரு சருகு கிடந்தால் வருகிறவர் என்ன நினைப்பார்?

பல்லரோவில் எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிய ஈர்க்கு விளக்குமாறு ஒன்றை சினோரா வீட்டில் வைத்திருக்கிறேன். எடுத்தேன்.

இலை போனது. மண் போனது. மிச்சத்துக்குக் குழாய்த் தண்ணீர்.

முன்பக்கம் நின்ற ராசன் சத்தம் கேட்டு ஓடி வந்தான்.

"என்ன ஆச்சி செய்யிறியள்? நேற்று முதுகு முறியக் கொண்டுவந்து போட்ட மண்ணெல்லோ அது."

"ஆள் வருதாம், மோனை. குப்பையாய்க் கிடக்கு."

"அது குப்பையில்லை ஆச்சி..."

"பின்னை என்ன?"

அவன் என்னைப் பார்த்தான். நான் விளக்குமாற்றைப் பார்த்தேன்.

"அப்ப அந்த மூலையையும் கூட்டுங்கோ," என்றான். "அங்கையும் கொஞ்சம் கிடக்கு."

சங்கத்து ஆள் கோப்பி குடித்தார், கேக் சாப்பிட்டார், தோட்டத்தைச் சுற்றி வந்தார். பின்பக்கம் திரும்பியதும் பெல்லோ பாதியில் நின்றது. கழுவிய சீமெந்து வெயிலில் பளபளவென்று கிடந்தது. சப்பாத்தால் தட்டிப் பார்த்தார். பாவம் மனுசன்... இவ்வளவு துப்புரவாகத் தெரிகிறதைத் தெரியவில்லை என்று எப்படி எழுதுவார்? போனை எடுத்துப் படம் பிடித்தார்.

மகன் என் பக்கம் திரும்பினான். "உன்னை ஆர் இதைக் கூட்டச் சொன்னது?"

"நீங்கள்தான், சினோரே."

மேலே மாடிக்குள் கோப்பிக் கோப்பை கலகலத்தது. சினோரா சிரித்தாவா, மகனுக்காக அழுதாவா? நான் கேட்கவில்லை.

சங்கத்து அப்புக்காத்தின் கடிதம் மகனுக்குத்தான். சீமெந்தைக் கிளப்ப வேண்டும், தறித்த இடத்தில் தோடை நட வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம். கிளப்புகிற வேலையும் ராசனுக்கே கிடைத்திருக்கிறது. "சட்டம் நல்லதுதான் ஆச்சி," என்கிறான். "போடவும் என்னைத்தான் கூப்பிடுகினம், உடைக்கவும் என்னைத்தான் கூப்பிடுகினம்."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் – சட்டத்துக்குக் கண் நல்லாகத்தான் இருக்கிறது. குனிந்து பார்க்கத்தான் பஞ்சி, பெரிய சோம்பேறி. மேலே கிடப்பதை யாராவது கூட்டிவிட வேண்டும்.

அடுத்த வருசம் சங்கத்து ஆள் வருகிற நாளில் எனக்கு லீவு என்று மகன் இப்போதே சொல்லிவிட்டான். சம்பளத்தோடு.

விளக்குமாற்றை ராசனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.