மோட்டார் போட்டது யார்?

போன கோடையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. எங்கள் வீட்டை ஒட்டிய கிணறு இரண்டு குடும்பத்துக்குப் பொது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அப்பாவுக்கு அண்ணன் முறையாகும் பெரியப்பாவின் முறை. மோட்டார் ஆளுக்கொன்று. மோட்டார் ரூம் ஒன்றுதான். சாவி இரண்டு வீட்டிலும் உண்டு. கரன்ட் வந்ததும் தானாக ஓடவிடும் ஆட்டோ ஸ்விட்ச் யாரும் வைக்கக் கூடாது என்பது பேச்சு.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். டிப்ளமோவும் முடித்து ராஜபாளையத்தில் வேலை பார்க்கிறேன். உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வைத்து, போனிலேயே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்திருந்தேன். பிசகாமல் ஓடியது. பிறகு வேறு வகை போர்டுக்கு மாறினேன். பழையதில் போனோடு பேசத் தனியாக ஒன்றை மாட்ட வேண்டும். புதியதில் வைஃபை உள்ளேயே இருந்தது. மோட்டாருக்கு எப்போது உத்தரவு போனது என்பதும் போனில் பதிவாகும். பழைய புரோகிராமில் சில வரிகளை மட்டும் மாற்றி ஏற்றினேன். வேலை செய்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நாளில் பெரியப்பா வாசலில் வந்து கத்தினார். அவர் முறை நாளில் எங்கள் மோட்டார் ஓடுகிறதாம். அவர் வருவதற்குள் கிணறு பாதி காலியாம், கத்தரிச் செடி வாடுகிறதாம்.

போனைப் பார்த்தேன். பெட்டி உத்தரவே கொடுக்கவில்லை. அப்படியானால் யாரோ கையால் ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனை அமுக்கியிருக்க வேண்டும். பகலில் அப்பாவும் அம்மாவும் மில்லில், நான் வேலையில். இன்னொரு சாவி யாரிடம்? பெரியப்பாவிடம். "பொட்டப்பிள்ளை போன்ல தண்ணி இறைக்காளாம்" என்று ஆரம்பம் முதலே கேலி பேசியவர் அவர். பெட்டியைக் கழற்ற வைக்க, அவரே அமுக்கிவிட்டுப் பழி போடுகிறார் என்று முடிவு கட்டினேன். அதன்பிறகு அவர் இருமினால்கூட எனக்குச் சந்தேகம்.

மறுபடியும் அதே நடந்தது. பெரியப்பா இந்த முறை கத்தவில்லை. "வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயில்ல ஒங்கப்பன் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். பொறவு நான் வாயத் தொறக்கல" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "போன் என்னம்மா சொல்லுது?"

"நாம போடலன்னுதான்ப்பா."

"அப்பப் பண்ணிருதேன்."

வியாழக்கிழமை பெரியப்பாவின் முறை. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டுமென்று லீவு போட்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்தேன். கரன்ட் இல்லை. செத்த நேரத்தில் அவரும் வந்தார்.

"என்னட்டி, வேலைக்குப் போகலையா?"

"யாரு அமுக்குதாங்கன்னு பாக்க வந்தேன் பெரியப்பா."

"நானும் அதுக்குத்தான் வந்தேன். கைய மடியில வையி, எனக்குத் தெரியணும்."

"நீங்களும் வையிங்க."

எதிரெதிரே உட்கார்ந்தோம். வியர்வையைத் துடைக்கக்கூட இருவரும் கையை எடுக்கவில்லை.

கரன்ட் வந்தது. பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். எங்கள் மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அவர் என் கையைப் பார்த்தார், நான் அவர் கையைப் பார்த்தேன். நாலு கையும் மடியில்.

"ஏட்டி, ரெண்டு பேரையும் கேக்காமலே போடுதே ஒம் பெட்டி!"

போனில் அப்போதும் உத்தரவு இல்லை என்றுதான் இருந்தது. அது பொய்யும் இல்லை. கரன்ட் வந்து புது போர்டு விழிக்கும்போது, என் புரோகிராம் தொடங்குவதற்கு முன்பே, நான் வயர் கொடுத்திருந்த முனையில் ஒரு கணம் மின்சாரம் வந்து போகிறது. பழைய போர்டில் அப்படி இல்லை. பச்சை பட்டனைத் தொட்டு எடுத்தது போல அந்த ஒரு கணமே ஸ்டார்ட்டருக்குப் போதும். எங்கள் முறை நாளில் எப்படியும் ஓடும் மோட்டார் என்பதால் எங்களுக்குத் தெரியவில்லை.

உடனே மில்லுக்குப் போன் செய்தேன். "அப்பா, சத்தியம் பண்ண வேண்டாம். நம்ம பெட்டிதான் போட்டிருக்கு."

அப்பா, "நாளைக்கு நம்ம முறையை அவியளுக்கு விட்டுரு" என்றார்.

வயரை வேறு முனைக்கு மாற்றிப் பல தடவை கரன்ட்டை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்; சரியாகிவிட்டது. பெரியப்பா மட்டும் இன்னும் கரன்ட் வந்ததும் ரூமுக்கு வந்து, பெட்டியை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போகிறார். நான் கோபப்படுவதில்லை. அந்தத் திரையில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாத என் அப்பா, நான் வாசித்துச் சொன்னதை மட்டும் நம்பி அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், படித்த பிள்ளை என்ற பெயர் எம்புட்டு கனம் என்று எனக்கு உறைக்கிறது.