செக்கர் சமைத்த மத்தியானச் சோறு

செக்கருக்குச் சமையல் தெரியாது என்று இப்போது யார் சொன்னாலும் அவருக்குக் கோபம் வராது. சில மாதங்களுக்கு முன்னால் சொல்லியிருந்தால், சொன்னவரைப் பிடித்து உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பார். இடையில் நடந்ததை அவரே தெருமுனைத் தையல்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்ததால்தான் வெளியே தெரிந்தது. தன் அசட்டுத்தனத்தை அவர் ரசித்துச் சொல்கிற அழகே தனி. சமையலில் அவருக்கு வராத பக்குவம் அதில் வந்திருக்கிறது.

செக்கர் என்பது பாட்டில் ஃபாக்டரி கொடுத்த பெயர். அங்கே ஒரு வெள்ளை விளக்குப் பலகைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக வரும். கீறல், குமிழி, வாய்க்கோணல் எது இருந்தாலும் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். நல்ல பாட்டில் தன்பாட்டுக்குப் போய்விடும். முப்பத்தொரு வருஷத்தில் "நீ நல்லா இருக்கே" என்று ஒரு பாட்டிலிடமும் அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள்.

அந்த வேலையை ஃபாக்டரி வாசலிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்திருக்கலாம். மனுஷன் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் டிபன் பாக்ஸை மனைவி கையில் கொடுக்கும்போதே தீர்ப்பும் வந்துவிடும். கீரையில் உப்பு தூக்கல். முட்டை கல் மாதிரி. உருளைக்கிழங்கு அடிப்பிடித்த வாசனை. எல்லாம் நன்றாக இருந்த நாளில் பாக்ஸை மட்டும் நீட்டிவிட்டுக் கைகால் கழுவப் போவார். அதுவே பெரிய பாராட்டு என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். பாராட்டுப் பெற்றவளுக்கு அது தெரியுமா என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஃபாக்டரியில் பலகைக்கு மேலே ஒரு கேமரா வந்தது. அது கண் சிமிட்டாது, சாப்பிடப் போகாது, முதுகு வலிக்கிறது என்று சொல்லாது. செக்கரை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி பதினாறு வருஷமாக மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கடை வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மத்தியானம் ஒன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பிப் போவாள். இனிமேல் மத்தியானச் சாப்பாடு தன் பொறுப்பு என்று செக்கர் அறிவித்தார். ஒரு சோறு, ஒரு பருப்பு, ஒரு காய். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று வேறு கேட்டார். அவள் சரி என்றாள்.

முதல் நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சோறு வைக்க ஒரு பாத்திரம், குழைந்த சோற்றை மாற்ற இன்னொரு பாத்திரம், அடிப்பிடித்த பருப்பை மறைக்க மூன்றாவது. ஆனாலும் ஒன்றேகாலுக்கு எல்லாம் மேஜைக்கு வந்துவிட்டது. மனைவிக்குப் பரிமாறிவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் வாயைப் பார்த்தார். அவள் சாப்பிட்டாள். தட்டைக் கழுவினாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். செக்கருக்கு முகம் தொங்கிவிட்டது.

மறுநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டார். "எப்படி இருக்கு?"

"ம்."

அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஆராய்ச்சி பண்ணினார். இழுத்துச் சொன்னாளா, வெட்டிச் சொன்னாளா? அடுத்த வாரம் காய் இரண்டாயிற்று. அதற்கடுத்த வாரம் முட்டையும் சேர்ந்தது. காயை அதிகம் வேகவைத்தால் சத்து போய்விடும் என்று பேப்பரில் படித்தார். அன்றிலிருந்து பீன்ஸ் அடுப்பைத் தொட்டும் தொடாமலும் இறங்கியது. உப்பைப் பற்றி வாழ்நாள் முழுவதும் பேசியவர் ஆயிற்றே, அதில் தப்பு வரலாமா? சிட்டிகையாகக் குறைத்தார், பிறகு அரைச் சிட்டிகையாக. ஒவ்வொரு நாளும் எதிரே உட்கார்ந்து, அவள் எதை முதலில் எடுக்கிறாள், எதை ஓரமாகத் தள்ளுகிறாள், எந்தக் கவளத்தில் புருவம் அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கரண்டி கையிலேயே இருக்கும். தண்ணீருக்கு அவள் கை நீட்டினால் "காரமா?" என்பார். நீட்டாவிட்டால் "சப்புனு இருக்கா?" என்பார். அவள் போன பிறகு, பேப்பரை விரித்து வைத்து, சோற்றுக்கு மேலே ஊறுகாயைக் கொட்டிக்கொண்டு, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே தன் பங்கை முடிப்பார்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை அவள் கை துடைத்துக்கொண்டே சொன்னாள், நாளையிலிருந்து மத்தியானம் வரவில்லை, கடையில் கூட வேலை பார்க்கும் பெண் சாப்பாடு கொண்டுவருகிறாள், அவளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொள்கிறேன், வெயிலில் போக வர அலைச்சலாக இருக்கிறது என்று. செக்கர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அவள் தெருத் திரும்பியதும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய முழு நாளும் அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் காய் வாங்குவது, நறுக்குவது, கடிகாரத்தைப் பார்ப்பது எல்லாம் அதற்குத்தான். இரண்டாவது தடவையும் வேலை போய்விட்டது. இந்தத் தடவை மாலைகூடக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தனக்காக அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. மூன்று மணிக்குப் பசி எடுத்தபோது, காலைச் சோற்றைப் பாத்திரத்தோடு கையில் எடுத்து, சமையலறையில் நின்றபடியே தின்று முடித்தார். சனிக்கிழமையும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை, வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஃபோன் போட்டு, அம்மாவுக்கு மத்தியானத்துக்கு என்ன பிடிக்கும், முன்பெல்லாம் என்ன செய்து சாப்பிடுவாள் என்று ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார். பிடித்ததைச் சமைத்து அவளை வரவழைத்துவிடலாம் என்பது திட்டம்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியலையேப்பா. நான் ஸ்கூல்ல இருப்பேன், நீங்க ஃபாக்டரில இருப்பீங்க. அம்மா மத்தியானம் என்ன சாப்பிட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

திங்கட்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை. பருப்பும் பீன்ஸும் சோறும் டிபன் பாக்ஸில் அடைத்து எடுத்துக்கொண்டு ஒன்றரை மணிக்கு மருந்துக்கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த கடைக்காரர், கூட வேலை பார்க்கும் பெண் பத்து நாளாக லீவு என்று தானாகவே சொன்னார். செக்கருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னறைக்கு வழி காட்டினார்கள். அங்கே, இருமல் மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், அவர் மனைவி ஒரு பெட்டியில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை நீட்டி, ரொட்டியைத் தேநீரில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூட வேறு ஒன்றும் இல்லை. ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவரைப் பார்த்ததும் காலை இறக்கினாள். நிம்மதியும் கூடவே இறங்கியது.

என் சமையலைவிட வெறும் ரொட்டி மேலா என்று கேட்கத்தான் அவர் வாயெடுத்தார். ஆனால் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு கடன் கேட்க வந்தவர் மாதிரி நின்றார். அவளுக்கே பாவமாகப் போய்விட்டது.

"சாப்பாட்டுக்காக இல்லைங்க," என்றாள். "இத்தனை வருஷம் மத்தியானம் தனியாத்தான் சாப்பிட்டேன். காலைல மிஞ்சினது என்னவோ அதை வழிச்சுப் போட்டுக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு. யாரும் பாக்க மாட்டாங்க. இப்ப நீங்க எதிர்ல உக்காந்து என் வாயையே பாக்கறீங்க. ஒவ்வொரு வாய்க்கும் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. தொண்டைல இறங்க மாட்டேங்குது."

செக்கர் கேட்டுக்கொண்டார். புரிந்தது. வேறு யாராவது என்றால் அங்கே மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நம் ஆள் கேட்டது இது: "அப்போ சாப்பாடு நல்லாத்தான் இருக்கா?"

மனைவி பெட்டியில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காந்து நீங்களே சாப்பிட்டுப் பாருங்க."

உட்கார்ந்தார். பேப்பர் இல்லை, ஊறுகாய் இல்லை. பீன்ஸ் ஒரு வாய் எடுத்துப் போட்டார். அது வாய்க்குள் பச்சைப் புல்லாகத் திரும்பித் திரும்பி வந்தது. பருப்பை எடுத்தார். சுவைத்தார், இன்னும் சுவைத்தார்.

"இதுல உப்பே இல்லையே."

"இல்லைதான்."

"நாலு மாசமாவா?"

"முதல் வாரம் கொஞ்சம் இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவள் ரொட்டியை மடியில் வைத்தாள். "சொன்னா கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ங்க. அதான் சொல்லலை."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். செக்கருக்குக் காது மடல் சுட்டது. முப்பத்தொரு வருஷத்துச் சாயங்காலங்களும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைக்கூட எடுத்துத் தள்ள முடியவில்லை. அவருக்கு அழுகை வந்தது என்பதை மட்டும் தையல்காரரிடம் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு மிச்ச பீன்ஸையும் மென்றார். பாதியில் அவள் கை நீட்டிப் பாக்ஸிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். அவர் அவள் வாயைப் பார்க்கவில்லை. அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு அவள் எழுந்து கையைக் கழுவினாள். "நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்," என்றாள். "நீங்களும் என்கூடவே உக்காந்து சாப்பிடணும்."