பெர்னதெத் அக்கா மூட மறுத்த காது

விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடித்து எழும்பியபோது தொலைபேசி அடித்தது. பெர்னதெத் அக்காவின் கணவர் சூசைதாசன் அண்ணன். "தங்கச்சி, அவ போயிட்டா. சீனவெடி கொளுத்த வேண்டாமெண்டு கடைசியாச் சொன்னவ. அதுக்கு நீங்கள் எல்லாரும் எனக்குத் துணை நிக்கோணும்" என்றார். புற்றுநோய் முற்றிவிட்டது தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும் பாயிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன்.

அவருடைய ஊரான விடத்தல்தீவில் சாவீட்டில் சீனவெடிப் பட்டாசு கொளுத்துவது செத்தவருக்கு ஊர் செய்யும் மரியாதை. அக்கா அதை ஏன் வேண்டாம் என்றார் என்பது துப்பாக்கிச் சுடுதளத்தில் அவரோடு நின்ற எங்கள் குழுவினரான உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மன்னாரில் ஒரே கந்தோரில் வேலை; எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பெயர் கேட்டபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டார். "துவக்குக்குப் பயந்து ஒளிச்சது காணும். இனி நாங்கள் பிடிச்சுப் பாப்பம், கொண்டச்சிக்காரி" என்று சிரித்தார். கோபம் வந்தாலும் அன்பு வந்தாலும் அவருக்கு நான் என் ஊர்ப் பெயர்தான்.

பயிற்சிக்குச் சுடுதளத்தில் தந்த சாதாரணக் காதுக்கவசம் எல்லாச் சத்தத்தையும் அடைத்துவிடும். எங்களுக்கு அது நிம்மதி, அவருக்கு நடுக்கம். சுடுவதற்கு முன் இடப்பக்க மூடியை மெல்லக் காதிலிருந்து விலக்கிவிடுவார். பயிற்றுநர் எத்தனையோ தரம் ஏசினார். ஒருநாள் நானும் ஏசினேன். "ஷெல் குத்துற சத்தம் கேட்டவுடன படுத்தபடியாத்தான் நான் இருக்கிறன். என்ர தம்பி காதைப் பொத்திக்கொண்டு பங்கருக்கு வெளியில நிண்டவன்" என்றார். போர்க்காலத்தில், தூரத்தில் ஷெல் கிளம்பும் சத்தத்துக்கும் அது வந்து விழுவதற்கும் நடுவில் உயிரைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர் அவர். அதற்குப் பிறகு காதை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய இடக்காது மெல்ல மெல்ல மந்தமானது.

பிறகு கனடாவிலுள்ள அவருடைய அண்ணன் ஓர் இலத்திரனியல் காதுக்கவசம் அனுப்பினார். பற்றரியில் இயங்குவது. வெளியே பேசுவதைப் பெரிதாக்கித் தரும். வெடி வந்தால் அந்தக் கணமே அமுக்கிவிடும். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு, துவக்கைத் தொடாமல் நெடுநேரம் நின்றார். "நீர் பின்னால இருந்து முறுக்குச் சாப்பிடுறது கேக்குது" என்றார். பிறகு இரண்டு காதும் மூடியிருக்கச் சுட்டார். "வெடியை வாசல்ல நிப்பாட்டிப்போட்டு ஆக்களை மட்டும் உள்ள விடுது" என்று அன்று முழுக்க எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

கோயில் திருநாளில் மாதாவின் சிலையான சுருவம் ஊரைச் சுற்றி வரும்போது வெடி கொளுத்துவார்கள். சிறு வயதிலிருந்தே அன்றைக்கு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பவர், அந்த வருடம் சேலையும் பச்சைக் காதுக்கவசமுமாகச் சுருவத்தின் பின்னால் நடந்தார். ஊர் சிரித்தது. "சிரிக்கட்டும். எனக்குப் பாட்டுக் கேட்டது" என்று மறுநாள் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அடக்கத்தன்று ஊரார் சீனவெடிக் கட்டுகளோடு வந்து நின்றார்கள். அவர்களும் அக்காவில் உயிரையே வைத்திருந்தவர்கள். "செத்த ஆளுக்கு இனிக் கேக்கவோ போகுது? சும்மா கொண்டுபோனா எங்களுக்கெல்லோ குறை" என்றார் ஒரு பெரியவர். உரத்துப் பேசியே அறியாத சூசைதாசன் அண்ணன் வாசல் படலையை மறித்து நின்றார். "கேக்குதோ இல்லையோ, நான் அவவுக்கு ஓமெண்டு சொன்னனான்." சுடுதளத்திலிருந்து வந்த நாங்கள் எல்லோரும் போய் அவர் பக்கத்தில் நின்றோம். பிறகு அந்தப் பெரியவர் கையிலிருந்ததைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார். வழி முழுக்கப் பாட்டு மட்டுமே கேட்டது.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது ஒரு பழக்கம். நானும் இப்போது அந்த வகைக் கவசம்தான் போடுகிறேன். முதல் வெடிக்கு முன், அவர் செய்வதுபோல ஒலியைக் கூட்டி, வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் காதுகொடுத்துக் கேட்கிறேன். ஒருவர் செருமுவார். ஒருவர் மூச்சை இழுப்பார். என் இடப்பக்கத்தில், அக்கா நின்ற இடத்தில், ஒன்றும் கேட்பதில்லை. ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கிறேன்.