இருபத்தேழு கடல்மைல் பெருமை

இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். அதன் கூடத்தில் ஒரு போர்க்கப்பலின் வரைபடம் தொங்குகிறது. கடலுக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்துத் துரை ஒருவரின் தம்பி அதில் வேலை பார்த்தாராம். வெள்ளைக்காரன் விட்டுப்போன உடைந்த கோப்பையைக்கூட நம்மவர்கள் கண்ணாடிக்குள் வைத்துக் கும்பிடுவார்கள்.

வரும் விருந்தாளிகளுக்கு அந்தக் கப்பலின் கதையைச் சொல்வது என் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை மூடும்வரை, கொழுந்து காயவைக்கும் மெஷினுக்கு விறகு தள்ளியவன் நான். முதலாளி கொடுத்த தாளில், டார்பிடோ படகுகளை விரட்டி அழிக்க ஆங்கிலேயர் கட்டிய முதல் நாசகாரிக் கப்பல்களில் ஒன்று, மணிக்கு இருபத்தேழு கடல்மைல் ஓடியது என்று இருந்தது. நெருப்போடு மல்லுக்கட்டியவனுக்குத் தெரியும், எந்த அடுப்பும் தாளில் எழுதியபடி எரியாது. ஹோட்டல் அலமாரியில் கிடந்த இங்கிலீஷ் புத்தகமொன்றை அகராதி வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன்.

சிரிப்புத் தாங்கவில்லை. ஓடியது உண்மைதான், சோதனை நாளில். கடல் அமைதியாக இருந்தபோது, பாரத்தைக் குறைத்து, பொறுக்கியெடுத்த நிலக்கரியைப் போட்டு, கட்டிய கம்பெனியின் கைதேர்ந்த ஆட்களே அடுப்பைக் கவனித்தபோது ஓடியிருக்கிறது. கடற்படைக்குப் போனதும் சாதாரணக் கரி, சாதாரண ஆட்கள், நிஜமான அலை. வேகம் இறங்கிவிட்டது. தண்ணீர் வழிந்து ஓடட்டும் என்று முன்தளத்தை ஆமை முதுகு மாதிரி வளைத்திருந்தார்கள். அதுவோ அலைக்குள் மூக்கை நுழைத்து, மேலே நின்றவர்களைக் குளிப்பாட்டியது. தகடு பிஸ்கட் டின்னைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். எந்தப் படகுகளுக்குப் பயந்து கட்டினார்களோ அவற்றோடு ஒரு சண்டைகூடப் போடாமல் பழைய இரும்புக்குப் போனது. ஆனாலும் கடைசிவரை அதற்கு இருபத்தேழு மைல் கப்பல் என்றுதான் பேர். இவ்வளவு வெட்கங்கெட்ட பொய்யை நான் கேட்டதில்லை.

இதைப் படித்துச் சிரித்த அதே கார்த்திகையில், என் தங்கை கொழுந்தெடுக்கும் தோட்டத்துக்குக் கம்பெனிப் பெரியவர்கள் வந்தார்கள். பெரியவர்கள் வந்தால் நல்ல மலையில் கெட்டிக்காரிகளை நிறுத்துவது எங்கள் வழக்கம். மழை பெய்து கொழுந்து பொங்கி நின்ற மலை அது. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் ஐந்து பேரைப் பொறுக்கினார்கள், என் தங்கையும் அதில் ஒருத்தி. நான் லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

"விட்டுடாத தங்கச்சி, நம்ம வீட்டு மானம் ஒங் கையிலதான் இருக்கு," என்று மேட்டில் நின்று கத்தினேன். அதிகக் கொழுந்தெடுத்து அவளே முதலாவதாக வந்தாள். பெரியவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்த வாரப் பெரட்டில் அறிவித்தார்கள். அன்று அந்த ஐவர் எடுத்த அளவை இனி எல்லோரும் எடுக்க வேண்டும். எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்.

இப்போது ஆடி. காற்று வறண்டு, செடியில் கொழுந்தே இல்லை. நாலு நாளாக என் தங்கைக்கே அரைப் பேர்தான். நேற்றுச் சாயங்காலம் அவளது லயத்து வீட்டுக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

"ஏமாத்துக்காரப் பயலுக. நல்ல மலையில ஒருநாள் எடுத்தத வச்சிக்கிட்டு வருசம் பூரா ஆளக் கொல்றானுங்க."

அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"மத்த பொம்பளைங்க எங்கூடப் பேசுறதில்லண்ணே. அன்னைக்குப் பாதியில எனக்குக் கை சளைச்சுப் போச்சு. மெதுவா எடுப்போம்னுதான் நெனச்சேன். மேட்டுலேர்ந்து ஒங்க சத்தம் கேட்டுச்சு."